நிற்பவர்களும் நடப்பவர்களும்



இந்த வாரம் ஒரு சிறிய கேள்வியோடு உங்களிடம் வருகிறேன். நகரும் படிக்கட்டில் கால் வைத்தபின் நீங்கள் நிற்பவரா, நடப்பவரா?

இது ஒரு போதகர் கேட்கும் கேள்வியா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். யார் நின்றால் என்ன, யார் நடந்தால் என்ன, படிக்கட்டு எல்லாரையும் ஒரே இடத்தில்தானே கொண்டுபோய் இறக்குகிறது! ஆனால் சென்ற ஆண்டு ஒரு காலை வேளையில் அந்தப் படிக்கட்டில் நான் செய்த காரியம் இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்பு அந்தப் படிக்கட்டைப் பற்றியும் அதில் ஏறுகிற நம்மைப் பற்றியும் சிறிது பேசவேண்டியிருக்கிறது.

மணவாள நகரில் குடியிருக்கும் நமக்கு வாழ்க்கை இருப்புப்பாதையை ஒட்டியே நடக்கிறது. ஒரு பக்கம் திருவள்ளூர், மறுபக்கம் நாம், நடுவே நிலையம். 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியபோது இந்த வழியாகத்தான் ஓடியது. நம் மக்களில் ஒரு பகுதியினர் காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும், மேல்நல்லாத்தூர்ப் பக்கத்து ஆலைக்கும், திருப்பெரும்புதூர்ச் சாலையில் உள்ள தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். மற்றொரு பகுதியினர் விடியுமுன்னே புறநகர் ரயிலைப் பிடித்து ஆவடி, அம்பத்தூர், சென்னை என்று பிரிந்து செல்கிறார்கள். ரயில் வரும் சத்தம் கேட்டால் நடைமேம்பாலத்தின் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுகிற பழக்கம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே வந்துவிடுகிறது.

சென்னையில் மெட்ரோ ரயில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. சென்ட்ரலில் உள்ள சுரங்க நிலையம் 2018 மே 25 அன்று திறக்கப்பட்டது. அதுவரை நகரும் படிக்கட்டு என்பது நம்மில் பலருக்குப் பட்டணத்துப் பெரிய கடைகளில் வேடிக்கை பார்க்கும் பொருளாக இருந்தது. பண்டிகைக்குத் துணி எடுக்கப் போனால் பிள்ளைகள் அதில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு வருவார்கள். அந்த நிலையம் திறந்தபிறகு, மூர் மார்க்கெட் வளாகத்தில் புறநகர் ரயிலை விட்டு இறங்கி மெட்ரோவுக்குப் போகிற நம் ஊராருக்கு அது அன்றாட வழியாகிவிட்டது.

ஒரு வேலைநாள் காலையில் அதன் அருகே ஐந்து நிமிடம் ஒதுங்கி நின்று பாருங்கள். மனிதர்களைப் பற்றி நிறையக் கற்றுக்கொள்வீர்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள் கைப்பிடியைத் தொடாமலே ஏறிப்போகிறார்கள். கட்டைப்பை தூக்கியவர்கள் பையைப் படியில் வைத்துவிட்டு மூச்சு வாங்குகிறார்கள். காதில் கருவி மாட்டியவர்கள் தங்களை ஏதோ ஒன்று சுமந்து போகிறது என்ற நினைவே இல்லாமல் போகிறார்கள். குடும்பமாக வந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படியின் முழு அகலத்தையும் அடைத்து நிற்கிறார்கள். கிராமத்திலிருந்து வந்த பெண்கள் புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில் இறங்குகிறவர்களைப் போல எந்தப் படியில் கால் வைப்பது என்று பார்த்து நிற்கிறார்கள்.

அந்தப் பயம் கேலிக்குரியதன்று. இந்த இயந்திரம் தோன்றிய நாளிலிருந்தே மனிதர் அதற்கு அஞ்சியிருக்கிறார்கள். 1896ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்துக் கோனி தீவில் ஜெஸ்ஸி ரினோ என்பவர் சரிவான நகரும் பாதை ஒன்றை அமைத்தார். மக்கள் அதை ராட்டினத்தைப் போல ஒரு விளையாட்டாகவே கருதி ஏறினார்கள். 1898இல் இலண்டன் ஹாரட்ஸ் அங்காடியில் நகரும் படிக்கட்டு வந்தபோது, மேல்தளத்தை அடைந்தவர்களின் படபடப்பு அடங்குவதற்காகப் பிராந்தி கொடுத்தார்களாம். 1911ஆம் ஆண்டு இலண்டன் சுரங்க ரயிலின் எர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் முதல் நகரும் படிக்கட்டு திறக்கப்பட்டது. அங்கே மக்களின் பயத்தைப் போக்குவதற்கு ஒற்றைக் காலுடைய ஒருவரை அதில் ஏறி இறங்கச் செய்தார்கள் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அது முழுவதும் உண்மையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் எனக்கு அந்தக் கதை பிடிக்கும். இரண்டு கால் உள்ளவர்கள் தயங்கி நிற்க, ஒற்றைக் கால் உள்ளவர் முதலில் போய் வழி காட்டினார் என்றல்லவா அது சொல்லுகிறது!

பயம் நீங்கியபின் அவசரம் வந்தது. இலண்டனில் வலப்பக்கம் நிற்பது, இடப்பக்கத்தை நடப்பவர்களுக்கு விடுவது என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஜப்பானில் தோக்கியோ மக்கள் இடப்பக்கம் நிற்கிறார்கள், ஒசாகா மக்கள் வலப்பக்கம் நிற்கிறார்கள். அவசரமாய்ப் போகிறவருக்கு வழிவிடுவது நாகரிகம் என்று உலகத்தின் பல நகரங்கள் கற்றுக்கொண்டன. நம் சென்னையில் அப்படி உறுதியான எழுதாச் சட்டம் எதுவும் இல்லை. ஒரே படிக்கட்டில் ஒருவர் நிற்பார், அவரைத் தாண்டி ஒருவர் போவார், அவரை ஒரு குடும்பம் மறிக்கும். "கொஞ்சம் வழி விடுங்க" என்பதுதான் நம் சட்டம்.

வழிவிடும் அந்த நாகரிகத்தை இலண்டன் மாநகரமே ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் ஹோல்பார்ன் நிலையத்தில் மூன்று வாரம், நெரிசல் நேரத்தில் யாரும் நடக்கவேண்டாம், இரு பக்கமும் நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அங்குள்ள நகரும் படிக்கட்டு ஏறத்தாழ 24 மீட்டர் உயரமுள்ளது. அவ்வளவு உயரம் நடந்தேறச் சிலரே விரும்புவார்கள். ஆகவே நடப்பவர்களுக்காக விடப்பட்ட பக்கம் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்க, நிற்க விரும்பியவர்கள் கீழே கூட்டமாய்த் தேங்கினார்கள். மேலும், நடக்கிறவருக்கு முன்னும் பின்னும் கூடுதல் படிகள் காலியாக வேண்டும். எல்லாரும் நின்றபோது அதே படிக்கட்டு அதே நேரத்தில் சுமார் 30 சதவீதம் கூடுதலான மக்களைச் சுமந்தது. மறு ஆண்டு சோதனையை நீட்டித்தார்கள். அதன் பின்னர்ப் பழைய வழக்கமே திரும்பிவிட்டது. ஜப்பானில் சைத்தாமா மாகாணம் 2021 அக்டோபர் முதலும், நகோயா நகரம் 2023 அக்டோபர் முதலும் நகரும் படிக்கட்டில் நின்றே செல்லவேண்டும் என்று விதி செய்தன. கீழே விழுகிறவர்களையும், ஒரு பக்கத்துக் கைப்பிடியை மட்டுமே பற்றக்கூடியவர்களையும் எண்ணிச் செய்த விதி அது. மீறுகிறவர்களுக்குத் தண்டனை எதுவும் இல்லை.

நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நகரும் படிக்கட்டு பொதுவாக நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போகிறது. பத்து மீட்டர் உயரம் ஏறச் சுமார் 40 நொடி ஆகும். அதிலேயே நடந்தும் ஏறினால் அதில் பாதி மிச்சமாகும். 20 நொடி! ஒருமுறை ஆண்டவருடைய ஜெபத்தைப் பொறுமையாகச் சொல்லி முடிக்கக்கூட அது போதாது. இந்த 20 நொடிக்காகவா மனிதர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஏறுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பிரசங்கத்தில் அதை உதாரணமாகச் சொல்லவும் செய்தேன். சபையார் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அந்த நாட்களில் தனியாகப் போகும்போதெல்லாம் நானும் நடந்து ஏறுகிறவனாகத்தான் இருந்தேன்.

இனி அந்தக் காலை வேளையைச் சொல்லுகிறேன்.

என் தாயாருக்கு எழுபத்து நான்கு வயது. கண்ணில் புரை முற்றிவிட்டது என்று சொல்லி, சென்னையில் ஒரு கண் மருத்துவமனைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்குள் சீட்டுப் போடவேண்டும். ரயில் வழியில் சிறிது நேரம் நின்றுவிட்டது. சென்ட்ரலில் இறங்கியபோதே எனக்குள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. மெட்ரோவுக்கு இறங்கும்போது மின்தூக்கி கண்ணில் பட்டதால் அதில் இறங்கினோம். போய்ச் சேர்ந்த நிலையத்திலோ வண்டியை விட்டு இறங்கிய கூட்டம் முழுவதும் நகரும் படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தது. நாங்களும் அந்தக் கூட்டத்தோடு தள்ளப்பட்டோம். அம்மா என் பின்னால் வந்துகொண்டிருந்தார். "வாம்மா, இதுல ஏறிடலாம்" என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே கால் வைத்தேன். பழக்கத்தினால் இரண்டு படி நடந்தும் விட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா ஏறவில்லை.

படிக்கட்டின் அடியில், அந்த மஞ்சள் கோட்டுக்கு முன்னால், ஒரு காலை எடுத்து எடுத்துப் பின்வாங்கிக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியாதவருக்கு, ஒன்றன்பின் ஒன்றாக முளைத்து ஓடுகிற அந்தப் படிகள் எப்படித் தெரிந்திருக்கும்! அவருக்குப் பின்னால் கூட்டம் நெருக்கியது. நானோ மேலே போய்க்கொண்டிருந்தேன். எனக்கும் அவருக்கும் நடுவே ஐந்து பேர், பத்துப் பேர் என்று ஆகிவிட்டது. நான் கால் அசைக்காமல் நின்றாலும் தொலைவு கூடிக்கொண்டே போனது. "அங்கேயே நில்லும்மா" என்று கத்தினேன். இரைச்சலில் அது அவருக்குக் கேட்டிருக்காது.

மேலே போய்ச் சேர்ந்து, பக்கத்திலிருந்த சாதாரணப் படிக்கட்டு வழியாக ஓடி இறங்கினேன். எத்தனை படி என்று தெரியாது. விழுந்திருந்தால் என்ன செய்வது, எலும்பு முறிந்திருந்தால் என்ன செய்வது என்ற எண்ணமே ஓடியது. கீழே வந்தபோது அம்மா சுவரோரமாக நின்றிருந்தார். அவர் கையை ஓர் இளைஞன் பிடித்துக்கொண்டிருந்தான். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை, வியர்த்த முகம். கூட்டத்தில் முதலாவதாக ஓடியிருக்கவேண்டியவன். என்னைப் பார்த்ததும், "லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்கு சார், பாட்டிய அதுல கூட்டிட்டுப் போங்க" என்றான். நான் நன்றி சொல்வதற்குள் கைபேசியில் மணி பார்த்தான். பார்த்தவுடனே நகரும் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி மறைந்துவிட்டான்.

மின்தூக்கியில் ஏறியபின் அம்மா மெதுவாகச் சொன்னார்: "நீ மேல போறப்ப உன் முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது, தம்பி."

குறை சொல்லும் தொனியில் அவர் சொல்லவில்லை. தமக்குக் கண்ணில் தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனாலும் ஊழியத்தில் எனக்குக் கிடைத்த எந்தக் கண்டனமும் அந்தச் சொல்லைப் போல என்னைக் குத்தியதில்லை.

அந்த வாரமே நம் சபையைச் சேர்ந்த ஒரு தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் தினமும் சென்ட்ரலில் மெட்ரோ பிடித்துக் கிண்டிக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவன். "நீயும் படிக்கட்டில் ஓடுகிறவன்தானே, அந்த இருபது நொடியில் என்ன கிடைக்கிறது?" என்று கேட்டேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மெட்ரோ கதவு மூடிட்டா அடுத்த வண்டிக்கு நிக்கணும் ஐயா. அந்த வண்டிக்குப் போனா கம்பெனிக்குப் போற ஷேர் ஆட்டோ போயிடும். பத்து நிமிஷம் லேட்டானா அரை நாள் சம்பளம் போச்சு. நான் அவசரத்துல ஓடல ஐயா, பயத்துல ஓடறேன்" என்றான்.

நான் கணக்குப் போட்ட 20 நொடிக்கு அவன் வேறொரு கணக்கு வைத்திருந்தான். அப்போதுதான் அந்த முகமறியா இளைஞன் என் நினைவுக்கு வந்தான். என் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கி வரும்வரை நின்றானே, அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்கு அவன் என்ன விலை கொடுத்தானோ! அரை நாள் கூலியாக இருக்கலாம், மேலதிகாரியின் சுடுசொல்லாக இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அதை நான் ஒருபோதும் அறியப்போவதில்லை. என் அவசரத்துக்கு உரிய விலையை என்னை அறியாத ஒருவன் செலுத்திவிட்டுப் போனான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நிற்பவர்களிடமும் கேட்டேன். நம் சபையில் ஒரு சகோதரி சென்னையில் அடுக்குமாடி அலுவலகம் ஒன்றில் துப்புரவுப் பணி செய்கிறார். அவர் சிரித்துக்கொண்டே, "நாளெல்லாம் நான்தான் படி ஏறறேன் ஐயா. அங்க மட்டுந்தான் படி என்னைத் தூக்கிட்டுப் போவுது. அந்தக் கொஞ்ச நேரம் கைப்பிடியப் பிடிச்சிட்டுக் கண்ண மூடிக்குவேன்" என்றார். இவரை நாம் சோம்பேறி என்போமா? ஓடுகிற தம்பியைப் பொறுமையற்றவன் என்போமா? ஒரே படிக்கட்டில் ஒருவர் நிற்பதற்கும் ஒருவர் ஓடுவதற்கும் பின்னால் இரண்டு வீடுகள் இருக்கின்றன, இரண்டு அடுப்புகள் இருக்கின்றன. படிக்கட்டு நமக்குக் காட்டுவது கால்களை மட்டுமே.

பிரியமானவர்களே, இந்த நாட்களில் யோவான் சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் வியாதியாய்க் கிடந்த மனிதனை நீங்கள் அறிவீர்கள். தண்ணீர் கலங்கும்போது முதலாவது இறங்குகிறவனுக்குச் சுகம் என்பது அந்த இடத்தின் நம்பிக்கை. எண்ணிப்பாருங்கள், அது எவ்வளவு கொடுமையான ஏற்பாடு! நோய் குறைந்தவன் முந்துவான். நோய் மிகுந்தவன் பிந்துவான். யாருக்குச் சுகம் அதிகம் தேவையோ அவனுக்கே அது கிட்டாது. தன்னைத் தூக்கிவிட ஆளில்லை என்றும், தான் நகர்வதற்குள் இன்னொருவர் முந்திவிடுகிறார் என்றும் அவன் முறையிட்டான். ஆண்டவர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி மற்றவர்களை முந்தவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பந்தயத்துக்குள்ளேயே அவர் போகவில்லை. எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், கடைசியாய்க் கிடந்தவனிடம் போய் நின்று பேசினார்.

மற்றொரு பகுதி ஆதியாகமம் முப்பத்து மூன்றாம் அதிகாரம். பல ஆண்டுகளுக்குப் பின் சந்தித்த ஏசா, சேர்ந்து பயணப்படலாம் என்று தன் தம்பியை அழைக்கிறான். யாக்கோபோ பிள்ளைகள் இளையவர்கள் என்றும், கறவையான ஆடுமாடுகளை ஒருநாள் விரட்டி ஓட்டினாலும் அவை மாண்டுபோகும் என்றும் சொல்லி, அண்ணனை முன்னே போகச் சொல்லுகிறான். தான் அவைகளின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்றபடி மெல்ல வருவதாகச் சொல்லுகிறான். இதைச் சொல்லுகிற யாக்கோபு யார்? பிறக்கும்போதே அண்ணனின் குதிகாலைப் பிடித்தவன். ஆசீர்வாதத்தை முந்திப் பெற்றுக்கொண்டவன். வாழ்நாளெல்லாம் முந்தியவன் எப்போது மெதுவாக நடக்கக் கற்றான்? முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். அந்த இரவில்தான் அவனுடைய தொடைச்சந்து சுளுக்கியது. தானே நொண்டி நடந்த பிறகுதான் பிள்ளைகளின் நடை அவன் கண்ணில் பட்டது.

என் தொடை சுளுக்கவில்லை. ஆனால் என் தாயாரின் ஒரே வார்த்தை அந்த வேலையைச் செய்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், படிக்கட்டில் மட்டுமா நான் அப்படி நடந்தேன்? சபையிலும் அப்படித்தான் நடந்திருக்கிறேன். கட்டட வேலை, கூட்டங்கள், புதிய திட்டங்கள் என்று ஒவ்வொன்றிலும் "வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டேன். ஏற முடியாதவர்கள் கீழே நின்றார்கள். அவர்களுக்கு என் முதுகு மட்டும் தெரிந்திருக்கும். மேய்ப்பன் முன்னே நடக்கவேண்டியவன்தான். ஆனால் பின்னால் வருகிற காலடி நின்றுவிட்டால் அதை அறிகிற காது அவனுக்கு வேண்டும்.

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். அதே நிலையத்தில் இறங்கியதும் நான் மின்தூக்கியைத் தேடினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, "இப்ப நல்லாத் தெரியுது. அதுல ஒரு தடவ போய்ப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

கூட்டம் கலையும்வரை இருவரும் சுவரோரமாகக் காத்திருந்தோம். இடைப்பட்ட நாட்களில் நான் சிலவற்றை விசாரித்து வைத்திருந்தேன். முதியவரோடு போகும்போது, ஏறுகையில் அவருக்கு ஒரு படி பின்னாலும், இறங்குகையில் அவருக்கு ஒரு படி முன்னாலும் நிற்கவேண்டும். அதாவது எப்போதும் அவருக்குக் கீழ்ப்படியில் நிற்கவேண்டும். தடுமாறினால் தாங்குவதற்கு அதுவே தக்க இடம். படிகளின் ஓரத்தில் இருபுறமும் தூரிகையைப் போன்ற ஒன்று இருக்கிறதே, அது செருப்புத் துடைப்பதற்கன்று. காலும் துணியும் இடுக்கில் சிக்காமல் விலக்கி வைப்பதற்கு. படிக்கட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. யாரேனும் விழுந்தாலோ துணி சிக்கினாலோ அதை அழுத்தினால் இயந்திரம் நின்றுவிடும்.

அம்மா கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தார். மூன்று படிகளைப் போகவிட்டு, நான்காவது படியில் கால் வைத்தார். நான் அடுத்த படியில் ஏறி அவருக்குப் பின்னால் நின்றேன். இருவரும் ஒரே ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நின்றதால் பக்கத்தில் வழி தானாகவே திறந்திருந்தது. பாதி வழியில் ஒரு பெண் கையில் கோப்போடு எங்களைத் தாண்டி வேகமாக ஏறிப்போனார். எங்களுக்கும் அவருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

இந்த முறை அம்மாவின் முதுகு எனக்குத் தெரிந்தது. எவ்வளவு கூனிப்போயிருக்கிறார் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

ஆகவே, நிற்பதா நடப்பதா என்று நீங்கள் என்னைக் கேட்டால் இப்படிச் சொல்லுவேன். தனியாகப் போகிறபோது ஓரமாக நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களைத் தாண்டி ஓடுகிறவனைச் சபிக்காதீர்கள், அவன் யாருடைய சோற்றுக்காக ஓடுகிறானோ உங்களுக்குத் தெரியாது. கூட்டம் மிகுந்து எல்லாரும் நிற்கிறபோது நீங்களும் நில்லுங்கள், அப்போது எல்லாருமே விரைவாகப் போய்ச் சேருவார்கள். உங்களோடு முதியவரோ குழந்தையோ வந்தால், அவர்கள் ஏறியபின் நீங்கள் ஏறுங்கள். கீழே ஒருவர் தயங்கி நின்றால், உங்களுக்கு நேரம் இருக்கிறதோ இல்லையோ, அந்த இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் உங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அது உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். கைபேசியை இயக்கத் தெரியாத தகப்பனாக இருக்கலாம். பாடத்தில் பின்தங்கிய பிள்ளையாக இருக்கலாம். உங்களோடு ஞானஸ்நானம் பெற்று, இப்போது ஆராதனைக்கு வருவதையே விட்டுவிட்ட நண்பராக இருக்கலாம். நீங்கள் இறங்கிவர முடியாத தொலைவுக்கு ஏறிவிடவில்லை. பக்கத்தில் சாதாரணப் படிக்கட்டு ஒன்று எப்போதும் இருக்கிறது.

ஜெபிப்போம். எங்களுக்காக இறங்கிவந்த ஆண்டவரே, எங்கள் நடையை நீர் அறிந்திருக்கிறீர். பயத்தினால் ஓடுகிறவர்களின் பயத்தை நீக்கும். களைப்பினால் நிற்கிறவர்களுக்கு இளைப்பாறுதல் தாரும். அன்று என் தாயாரின் கையைப் பிடித்து நின்ற அந்தப் பிள்ளை இழந்தது எதுவாயினும், அதை நீரே அவனுக்குத் திருப்பித் தாரும். எங்களைப் பின்தொடர்கிறவர்கள் எங்கள் முதுகை மட்டும் காணாதபடி, திரும்பிப் பார்க்கிற முகத்தை எங்களுக்குக் கொடும். ஆமென்.